விடைக்குறிப்பில் இல்லாத வரி

ஏப்ரல் பதினேழு. பழங்காநத்தம் பக்கம்
ஒரு பள்ளிக்கூட மாடியில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
தகரக் கூரை. மூன்று மின்விசிறி, அதில் ஒன்று
சுற்றுவதாகப் பாவனை செய்கிறது.

முப்பத்தெட்டாம் கேள்வி:
'பாடப்பகுதிச் சிறுகதையின் களம், முரண், உச்சம்
ஆகியவற்றை இனங்கண்டு எழுதுக.'
களத்துக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு.

விடைக்குறிப்பு சொல்கிறது:
களம், உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு பங்குக் கிணறு.
முரண், அண்ணன் தம்பிக்குள் மோட்டார் முறை.
உச்சம், நடுராத்திரியில் தம்பி வயரை அறுப்பது.

காலையிலிருந்து இருபத்தாறு தம்பிகள்
இருபத்தாறு வயரை அறுத்துவிட்டார்கள்.
ஒருவன் அரிவாளால். ஒருவன் பல்லால்.
ஒரு தாளில் ஷாக் அடித்துச் செத்தே போனான்;
கதையில் அப்படி இல்லை, ஆனாலும் ஒன்றரை போட்டேன்,
கையெழுத்து அவ்வளவு அழகு.

இருபத்தேழாவது, பெயர் கிழித்த தாள்.
நீல மை, வலப்பக்கம் சாயும் கை.

"களம் கிணறு இல்லை ஐயா.
கதையில் கிணற்றில் யாரும் இறங்கவே இல்லை.
அண்ணன் வீட்டு அடுப்படிதான் களம்.
உச்சம் வயர் அறுக்கும் இடமும் இல்லை.
இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது.
தம்பி அண்ணன் வீட்டில் சாப்பிட்டு எழுந்து
கையைத் தெருக்குழாயில் போய்க் கழுவுகிறான்.
அந்த வீட்டுத் தண்ணீர் அவனுக்கு
அப்போதே வேண்டாமென்று ஆகிவிட்டது.
வயரை அறுத்தது ஊருக்குத் தெரிவதற்காக."

பதினொரு வருஷமாக இந்தக் கதையை நடத்துகிறேன்.
அந்த வரியைச் சத்தமாகவே வாசித்திருக்கிறேன்,
சாக்பீஸைத் தட்டிக்கொண்டு.
சோறு, கை, குழாய்.
அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன்.

தாளோடு முதன்மைத் தேர்வாளரிடம் போனேன்.
ஆரோக்கியசெல்வி மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டு
இரண்டு தடவை படித்தார்.
"கீயில இருக்கா சார்?"
இல்லை.
"சரியாத்தான் எழுதியிருக்கு, பையனோ பொண்ணோ.
ஆனா இதுக்கு முழுசாப் போட்டா
வயரை அறுத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

டீ வந்தது, ஆறிப்போன வடையோடு.
பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன்.
மூடியைத் திருகும்போது விரல் நின்றது.

செல்லூரில் தங்கச்சி வீடு. போன தைக்கு முந்தின தை.
அப்பாவின் ஒன்றேகால் சென்ட்டைப் பற்றி
அதுவரை ஒரு வார்த்தை நாங்கள் பேசியிருக்கவில்லை.
வஞ்சிக்கொடி இலை போட்டு மூன்று காய் வைத்தாள்.
குடத்திலிருந்து மோந்து
டம்ளர் விளிம்பு வரை வைத்தாள்.
நான் பையைத் திறந்து என் பாட்டிலில் குடித்தேன்.
"வயித்துக்கு ஒத்துக்கல, கேன் தண்ணிதான் இப்பல்லாம்."
அவள் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்துப் போய்
செம்பருத்திக்கு ஊற்றினாள்.

சண்டை எங்கே தொடங்கியது என்று யார் கேட்டாலும்
பத்திரப்பதிவு அலுவலகம் என்றே சொல்லி வந்தேன்.
தேதியோடு. சாட்சியோடு.

களத்துக்குப் பூச்சியம். முரணுக்கு இரண்டு.
உச்சத்துக்கு ஒன்றரை.
அந்த அரையை எதற்குப் பிடித்தாய் என்றால்
காரணம் வைத்திருக்கிறேன்:
முக்கிய வரியை அடிக்கோடிடவில்லை.

பிறகு கோட்டை நானே போட்டேன்,
சிவப்பில், ஸ்கேல் வைக்காமல்.
தெருக்குழாய் என்ற சொல்லுக்குக் கீழே
கொஞ்சம் அழுந்திவிட்டது.

ஐந்தரைக்குக் கட்டுகளைக் கட்டி அரக்கு வைத்தார்கள்.
பெரியார் நிலையத்தில் செல்லூர் வண்டி
புறப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது.
நடத்துநர் இரண்டு தரம் என்னைப் பார்த்தார்.
பாட்டிலில் கால்வாசி இருந்தது,
வெந்நீராக.